வீட்டைச் சுற்றி ஓணான், அரணை, முயல்: எங்கே, எப்போது, எப்படிப் பார்ப்பது?

மேலக்கரைவாசி கேட்டது:

பாளையங்கோட்டைக்குத் தெற்கே புது மனைப்பிரிவில் வீடு. மூன்று பக்கமும் காலி மனை. உடைமரம் நாலைந்து, சீமைக்கருவேலப் புதர், ஓரத்தில் இரண்டு பனை, பழைய கட்டடத்தை இடித்துக் கொட்டிய கல் குவியல் ஒன்று. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதையெல்லாம் காட்ட ஆசை. ஆனால் நடக்கப் போனால் புதருக்குள் சரசரப்புதான் கேட்கிறது, கண்ணில் எதுவும் நிற்பதில்லை.

பளபளவென்று பாம்பு மாதிரி, காலோடு ஒன்று ஓடியது. அரணை என்றும், அது நக்கினாலே மரணம் என்றும் பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்கிறார். உண்மையா? வேலி ஓரத்தில் உருண்டை உருண்டையாகப் புழுக்கை கிடக்கிறது. ஆடா, முயலா? மனையில் வளைகளும் இருக்கின்றன, அவை முயல் வளையாக இருக்குமா? என்ன கருவி வாங்கலாம், எந்த நேரம் போகலாம், பாம்புக்கு என்ன எச்சரிக்கை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

உடைமர நிழல் எழுதியது:

முதலில் பாட்டியின் பயத்தைத் தீர்த்துவிடுவோம். அரணைக்கு நஞ்சு கிடையாது. இந்தியாவில் உள்ள பல்லி, ஓணான், அரணை, உடும்பு எதுவும் நஞ்சுள்ளது அல்ல. அரணையை நம் பக்கம் பாம்புராணி என்றும் சொல்வார்கள். உடல் வழவழப்பு, கழுத்து தனியாகத் தெரியாது, கால் சிறிது, அதனால்தான் பாம்பு நினைவு வருகிறது. நெல்மணி கனத்தில் கால் வைத்து, மண்ணுக்குள் நெளிந்து போகும் ஒல்லியான இனமும் உண்டு. அதன் குட்டிக்கு வால் சிவப்பாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் அடித்துக் கொல்கிறார்கள், பாவம்.

நடந்து தேடினால் எதுவும் கிடைக்காது. உங்கள் காலடி அதிர்வு மண் வழியே முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். காலை 7 முதல் 9 வரை, கல் குவியலுக்கு 5 மீட்டர் தள்ளி, வெயில் உங்கள் முதுகில் படும்படி உட்காருங்கள். நிழல் மட்டும் கல்மேல் விழக்கூடாது. முதல் பத்து நிமிடம் ஒன்றும் இருக்காது, பிள்ளை சலித்துக்கொள்ளும், எழுந்துவிடாதீர்கள். பதினைந்தாவது நிமிடத்துக்குமேல் ஒளிந்தவை ஒவ்வொன்றாக வெயில் காய வெளியே வரும். இரவில் உடல் குளிர்ந்துவிடுவதால் சூடு ஏறும்வரை அவற்றால் வேகமாக ஓட முடியாது, அதனால் நெடுநேரம் ஒரே இடத்தில் இருக்கும். 11 மணிக்கு மேல் போனால் எல்லாம் சுறுசுறுப்பாகி நிழலுக்குள் ஓடியிருக்கும். கோடையில் இந்த நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளிக்கொள்ளுங்கள்.

உங்கள் இடத்தில் எதிர்பார்க்கக்கூடியவை:

சாதாரண ஓணான் (சில ஊர்களில் கரட்டான்) வேலிக்கல், முருங்கை, உடைமரத் தண்டு என்று உயரம் தேடி உட்காரும். முதுகில் முள் வரிசை இருக்கும். இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்குத் தலையும் தொண்டையும் சிவந்துவிடும், அது தண்டால் எடுப்பதுபோல் உடம்பை ஏற்றி இறக்கும். நிறம் மாறுவதைப் பார்த்து இதைப் பச்சோந்தி என்று சொல்லிவிடுகிறார்கள். பச்சோந்தி வேறு: வால் சுருண்டிருக்கும், இரண்டு கண்ணும் தனித்தனியாகத் திரும்பும், காற்றில் ஆடும் இலைபோல் தயங்கித் தயங்கி நடக்கும்.

விசிறித்தொண்டை ஓணானைத்தான் நீங்கள் கட்டாயம் தேட வேண்டும். புதரில் அல்ல, புல் குறைந்த வெட்டவெளியில். வாலை விட்டுவிட்டால் உடல் விரல் நீளம்தான், மண் நிறம். பின்காலில் ஐந்துக்குப் பதில் நான்கு விரல். துரத்தினால் பின்னங்கால் இரண்டில் எழுந்து ஓடும். கோடை மாதங்களில் ஆண் ஒரு சிறு கல்லின்மேல் ஏறி, தொண்டைத் தோலை விசிறிபோல் விரித்து மடக்கும். நம் தமிழ்நாட்டு இனம் ஒன்றுக்கு 2016-இல் அறிவியல் பெயர் வைத்தபோது ‘சித்தானா விசிரி’ என்று தமிழ்ச் சொல்லையே வைத்தார்கள். காலி மனையில் உயரமாகத் துருத்தி நிற்கும் கற்கள் எவை என்று பார்த்து வைத்துக்கொண்டு அவற்றை மட்டும் கவனியுங்கள். அதே ஆண் அதே கல்லுக்குத் திரும்பத் திரும்ப வரும்.

வீட்டுப் பல்லியையும் விட்டுவிடாதீர்கள், பிள்ளைக்கு முதல் பாடம் அதுதான். குழல்விளக்கு அருகே இருந்துகொண்டு டக் டக் என்று குரல் கொடுப்பது ஒரு வகை, அதன் வாலோரத்தில் சிறு முள் வரிசை இருக்கும். சுவரின் அடிப்பகுதியிலும் கல்லிடுக்கிலும் இருப்பது இன்னொரு வகை, முதுகெல்லாம் புள்ளியும் மணிமணியான துருத்தலும். மரத்தண்டில் பட்டையோடு பட்டையாக ஒட்டியிருக்கும் பெரிய பல்லி மூன்றாவது, முதுகில் அலையலையான கரும்பட்டை தெரியும். விளக்கு போட்டு ஒரு மணி நேரத்தில் மூன்றையும் தேடிப் பிடித்துப் பார்க்கலாம். பார்வையால் பிடிப்பதைச் சொன்னேன், கையால் வேண்டாம். வாலை உதிர்த்துவிட்டால் சேர்த்து வைத்த கொழுப்பும் அதோடு போய்விடும்.

இருநோக்கி (பைனாகுலர்) வாங்குவதானால் 8×32 போதும், அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்வில்லை 32 மி.மீ. ஆனால் எத்தனை மீட்டர் அருகில் குவியும் என்று கேட்டு வாங்குங்கள். 4 மீட்டருக்குக் கிட்டத்தில் குவியாதது ஓணான் பார்க்க உதவாது, 2 மீட்டர் என்றால் நல்லது. பென்டாக்ஸ் பாப்பிலியோ 6.5×21 அரை மீட்டரில்கூடக் குவியும், பூச்சி, பல்லிக்கு அதைவிடப் பொருத்தமானதைச் சொல்ல முடியாது. பிள்ளையின் கைக்கும் கனமில்லை.

---

சிறுதடம் எழுதியது:

புழுக்கைக்குப் பதில் சொல்கிறேன்.

ஒன்றை எடுத்து (கையில் பாலித்தீன் உறை மாட்டிக்கொண்டு) குச்சியால் உடைத்துப் பாருங்கள். ஆட்டுப் புழுக்கை நீள்வட்டம், கருப்பு, பளபளப்பு, ஒரு முனை கூராக இருக்கும், குவியலாகவோ வரிசையாகவோ கொட்டிக் கிடக்கும். முயல் புழுக்கை லேசாகத் தட்டையான உருண்டை, சுமார் 1 செ.மீ., வைக்கோல் நிறம், உடைத்தால் உள்ளே நறுக்கிய புல் நார் தெளிவாகத் தெரியும். அங்கங்கே சிதறிக் கிடக்கும். ஆடு மேயும் இடத்தில் இரண்டும் கலந்திருப்பதால் ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இருபதைப் பாருங்கள்.

வளைகள் நிச்சயம் முயலுடையவை அல்ல. நம் நாட்டு முயல் வளை தோண்டாது. கூண்டில் வளர்க்கும் வெள்ளை முயல் ஐரோப்பிய இனம், அதுதான் தோண்டும். நம்முடையது கருங்கழுத்து முயல், பிடரியில் கரும்பட்டை இருக்கும். பகலில் புல்லை அழுத்திச் செய்த உடம்பளவு குழியில் காதை முதுகோடு படியவைத்துப் படுத்திருக்கும். இரண்டு மூன்று மீட்டர் வரை போனாலும் அசையாது, மிதிக்கப்போகும் கணத்தில்தான் பாய்ந்து வளைந்து வளைந்து ஓடும். எனவே புதரைக் குச்சியால் அடித்துக் கிளப்பாதீர்கள். பகலில் கிளம்பி ஓடும் முயலைத் தெருநாய்கள் பார்த்துவிட்டால் அதோடு முடிந்தது. மனையில் உள்ளது வாயிலேயே மண் குவித்த வளையென்றால் வயலெலியாக இருக்கலாம். எதுவானாலும் கையை விடாதீர்கள், எலி விட்ட வளையில் பாம்பு குடியிருக்கும்.

முயல்குட்டி கண் திறந்தே, மயிரோடுதான் பிறக்கும். தாய் அதைத் தனியாக விட்டுவிட்டுத் தள்ளிப்போய், நாளில் ஒன்றிரண்டு முறை மட்டும் வந்து பால் கொடுக்கும். தனியாகக் கிடக்கும் குட்டியை ‘அனாதை’ என்று தூக்கி வந்து பசும்பால் புகட்டுவதில்தான் பெரும்பாலான குட்டிகள் சாகின்றன. காயமில்லை என்றால் அப்படியே விட்டு வாருங்கள்.

முயலைப் பார்ப்பதற்கு முன் அதன் வழியைப் பாருங்கள். மணல் படுக்கை ஒன்று போடுங்கள்:

வேலியில் கீழே இடைவெளி உள்ள இடம், புல் ஒதுங்கிப் பாதைபோல் தெரியும் இடம், இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து 1 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலத்துக்குப் புல்லைச் செதுக்குங்கள். நல்ல சலித்த மணல், 1 செ.மீ. கனம். பூச்சு வேலைக்குச் சலிக்கும் சல்லடை போதும். எம்-சாண்ட் வேண்டாம். அரிசிமாவு கலந்த கோலமாவைத் தூவினால் எறும்பு மொய்த்து, விடிவதற்குள் அச்சைக் கலைத்துவிடும். மாலையில் கைத்தெளிப்பானால் லேசாக நனைத்து, மட்டப்பலகையால் ஒரே இழுப்பாக இழுங்கள். அதிகம் நனைத்தால் காய்ந்ததும் ஓடுபோல் இறுகி எலிக் கனத்துக்கு அச்சு விழாது. சூரியன் உதித்ததும் பாருங்கள், சாய்ந்த வெயிலில்தான் பள்ளம் மேடு தெரியும். ஆனி, ஆடிக் காற்றில் இந்த வேலை பலிக்காது, விடிவதற்குள் துடைத்துவிடும். சுவரோரம் மறைவாகப் போட்டால் ஓரளவு நிற்கும்.

படிப்பது இப்படி. முயல்: இரண்டு சிறிய அச்சு ஒன்றன்பின் ஒன்றாக, அவற்றுக்கு முன்னால் இரண்டு நீண்ட அச்சு பக்கம் பக்கமாக. நீண்டவை பின்னங்கால்கள், பாயும்போது முன்னங்காலைத் தாண்டி விழுபவை. அவை இருக்கும் பக்கம்தான் அது போன திசை. பாதத்தடியில் மயிர் அடர்ந்திருப்பதால் விரல் தெளிவாக விழாது, முட்டை வடிவப் பள்ளம்தான். பூனைக்கு நான்கு விரல், நகமில்லை. நாய்க்கு நான்கு விரல், நகம் உண்டு. கீரிக்கு ஐந்து விரல், விரலுக்கு முன்னே தனியாக நகப்புள்ளி. எலிக்கு முன்காலில் நான்கு விரல், மூஞ்சூறுக்கு ஐந்து. இரண்டையும் பிரிக்க இதைவிட நல்ல அடையாளம் இல்லை. ஓணானும் உடும்பும் நடுவே வால் கோடு இழுத்துப் போகும். உடும்பின் கோடு விரல் தடிமனில் வளைந்து வளைந்து செல்லும். கால் அச்சே இல்லாத வளைகோடு பாம்பு, அன்று அந்தப் பக்கம் பிள்ளையை விடாதீர்கள்.

அச்சுக்குப் பக்கத்தில் தீப்பெட்டியோ அளவுகோலோ வைத்து, செங்குத்தாக மேலிருந்து படம் எடுங்கள். அளவு இல்லாத படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

---

மேலக்கரைவாசி எழுதியது:

மிக்க நன்றி. உடைத்துப் பார்த்தேன், வைக்கோல் நிறம், உள்ளே நார். முயல்தான் போலிருக்கிறது! இன்னும் சில கேள்விகள். மாடிப்படிக்குக் கீழே அரிசி அளவில் கருப்பு எச்சம், ஒரு முனையில் வெள்ளைப் பொட்டு. எலியா? எலிக்காக ஒட்டும் பசை அட்டை வாங்கி வைத்திருக்கிறேன், போடலாமா? இரவில் டார்ச்சோடு சுற்றலாமா? காட்டில் வைக்கும் தானியங்கிக் கேமரா ஒன்றை வாங்கினால் பயனுண்டா?

---

இரவுவிளக்கு எழுதியது:

வெள்ளை முனை இருந்தால் பல்லி, எலி அல்ல. பல்லி வகைகள் சிறுநீரைக் கெட்டியான வெள்ளையாக எச்சத்தோடு சேர்த்து வெளியேற்றும். எலிப் புழுக்கையில் வெள்ளை இருக்காது. அதே வெள்ளை முனையோடு இன்னும் பெரிதாக வேலிக்கல்லின்மேல் கிடந்தால் ஓணானாக இருக்கலாம்.

பசை அட்டையைத் தயவுசெய்து போடாதீர்கள். எலிக்கு முன்னால் அதில் ஒட்டுவது பல்லியும் அரணையும்தான், ஊர்ந்து சுவரோரமாகப் போவது அவற்றின் வழக்கம். ஏற்கெனவே ஏதாவது ஒட்டியிருந்தால் பிடித்து இழுக்காதீர்கள், தோல் உரிந்துவிடும். சமையல் எண்ணெயைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு, உடல் அட்டையைத் தொடும் விளிம்பில் தடவி, ஒவ்வொரு காலாக விடுவியுங்கள். மூக்கில் எண்ணெய் படக்கூடாது. பதினைந்து இருபது நிமிடம் பொறுமை வேண்டும். விடுபட்டதும் மெல்லிய துணியால் ஒற்றி, நிழலில் விடுங்கள்.

இரவுச் சுற்றுக்கு 200 முதல் 300 லூமன் டார்ச் தாராளம். அதை இடுப்பில் பிடிக்காமல் காதோரமாக, கண் மட்டத்தில் பிடியுங்கள், அல்லது நெற்றிவிளக்கு மாட்டுங்கள். கண்ணொளி, அதாவது விலங்கின் கண்ணில் பட்டு மின்னும் ஒளி, விளக்கு வந்த திசையிலேயே திரும்புவதால், உங்கள் கண் விளக்கின் பக்கத்தில் இருந்தால்தான் தெரியும். பலர் ‘ஒன்றுமே இல்லை’ என்று திரும்புவதற்கு இதுதான் காரணம். முயலின் கண் சிவப்பாக மின்னும், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். பாதையின் நடுவில் தரையோடு தரையாகப் பெரிய சிவப்புக் கண் என்றால் பக்கிக்குருவி. புல்லில் நூற்றுக்கணக்கில் பச்சை வெள்ளிப் பொட்டு மின்னினால் பனித்துளி என்று நினைத்துவிடாதீர்கள், பக்கத்தில் போய்ப் பாருங்கள், ஓநாய்ச் சிலந்திகள். பிள்ளைக்கு அது ஒன்றே போதும், வீட்டுக்குத் திரும்ப மனம் வராது.

கண்ணொளியைப் பார்த்ததும் ஒளியை விலங்கின் முகத்திலிருந்து தரைக்கு இறக்குங்கள். சிவப்புக் கண்ணாடித்தாள் இரண்டு மடிப்பு ஒட்டினால் முயல் அவ்வளவாக மிரளாது.

இன்னொன்று, பகலில் தேடிக் கிடைக்காத ஓணானும் பச்சோந்தியும் இரவில் எளிதாகக் கிடைக்கும். இரண்டும் மெல்லிய கிளை நுனியில், ஒன்றிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில் தூங்கும். வெளிறிப்போன நிறத்தில் இருப்பதால் ஒளியில் இலைகளுக்கு நடுவே பளிச்சென்று தெரியும். தொடாமல், கிளையை அசைக்காமல், ஒரே படம் எடுத்துவிட்டு விளக்கைத் திருப்புங்கள். கலைத்துவிட்டால் இருட்டில் கீழே விழும், பூனைக்கு வசதியாகிவிடும்.

பாம்பு விஷயம். உங்கள் நிலத்துக்கு நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் வரலாம். கணுக்காலுக்குமேல் உயரும் பூட்ஸ், தடித்த முழுக்காற்சட்டை, அடிவைக்கும் இடம் முழுக்க ஒளி. செருப்போடு இரவில் இறங்கவே கூடாது. பிள்ளை பெரியவருக்குப் பின்னால்தான் வர வேண்டும், முன்னே ஓடக்கூடாது. கல்லைப் புரட்டுவதானால் கம்பியாலோ மண்வெட்டியாலோ, உங்களுக்கு எதிர்ப்பக்க விளிம்பைத் தூக்கி உங்களை நோக்கிச் சாய்த்துப் புரட்டுங்கள், கல்லே உங்களுக்கும் உள்ளிருப்பதற்கும் நடுவே கேடயமாக நிற்கும். பார்த்தபின் அதே கல்லை அதே குழியில் வையுங்கள், தள்ளிப் போட்டால் அடியில் இருந்த ஈரம் காய்ந்து, பல்லி முட்டை கெட்டுவிடும். கடிபட்டால் கட்டுவதோ கீறுவதோ வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான்.

---

பனையடி எழுதியது:

இரவுவிளக்கு அண்ணாச்சி சொன்னதோடு கேமராவுக்குப் பதில். தானியங்கிக் கேமரா உடல் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உணர்ந்துதான் படம் எடுக்கிறது. ஓணான், அரணை உடம்பு மண்ணின் சூட்டிலேயே இருப்பதால் முன்னால் நின்று ஆடினாலும் பெரும்பாலும் படம் விழாது. ‘கேமரா கெட்டுவிட்டது’ என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பல்லி வகைகளுக்கு நேர இடைவெளி முறையில் வையுங்கள்: காலை 7 முதல் 10 வரை நிமிடத்துக்கு ஒரு படம், 180 படம் ஆகும். முயலுக்கும் கீரிக்கும் இரவு நேரச் சூட்டுணர்வு முறை. தரையிலிருந்து 30 செ.மீ. உயரம், பாதையிலிருந்து 2 முதல் 3 மீட்டர், பாதைக்கு நேர் குறுக்காக அல்லாமல் சற்றுச் சாய்வாக. கிழக்கு மேற்காகத் திருப்பினால் உதயமும் அத்தமனமும் நேராக அடித்துப் படம் வெளுக்கும். முன்னால் உள்ள புல்லை வெட்டாவிட்டால் காலையில் எழுநூறு படம் இருக்கும், அத்தனையும் ஆடுகிற புல். அடுத்தவர் மனையில் உரிமையாளரைக் கேட்காமல் வைக்காதீர்கள், வனத்துறை நிலத்தில் அனுமதியில்லாமல் வைக்கவே கூடாது.

படத்தை ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் பெயர் கண்டுபிடிக்க ஆட்கள் உதவுவார்கள். ஆனால் முயல், முள்ளெலி, உடும்பு படங்களுக்கு இருப்பிடத்தை ‘மறைத்தது’ என்று நீங்களே மாற்றிவிட்டு ஏற்றுங்கள். வேட்டைக்கு வருபவர்களுக்கு நாமே வழி காட்டக்கூடாது. உடும்பு, முயல் இரண்டையும் பிடிப்பதும் கொல்வதும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கண்ணி கண்ணில் பட்டால் படம் எடுத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

முள்ளெலியைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தென்னிந்தியாவின் வறண்ட நிலத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம் அது, உங்கள் உடைமரக் காடு அதற்கு ஏற்ற வீடு. இரவில் புல் ஓரமாக மூக்கை உரசிக்கொண்டு, வண்டு தேடித் திரியும். ஒளி பட்டதும் ஓடாமல் பந்தாகச் சுருண்டுவிடும், அதனால்தான் சாலையில் வண்டிச் சக்கரத்தில் அவ்வளவு சாகிறது. முள்ளைக் கருக்கிக் குழந்தைகளின் இருமலுக்குக் கொடுக்கிறார்கள், அதனால் இருமல் தீராது. சுருண்டதைப் பார்த்தால் விளக்கை அணைத்துவிட்டு 5 மீட்டர் பின்வாங்கி நில்லுங்கள். ஐந்து பத்து நிமிடத்தில் மூக்கு வெளியே வரும்.

எலிக்கு விஷம் வைக்கலாமா என்ற கேள்வி அடுத்து வரும், முன்கூட்டியே சொல்கிறேன், வேண்டாம். கடைகளில் கிடைக்கும் புரோமடயலோன் கட்டியைத் தின்ற எலி உடனே சாகாது, சில நாள் தள்ளாடித் திரியும். அதைப் பிடிக்கும் கீரியும் ஆந்தையும் அதே விஷத்தை வாங்கிக்கொள்ளும். மரப்பொறியோ கம்பிப்பொறியோ போதும். மூஞ்சூறு மாட்டினால் விட்டுவிடுங்கள், அது எலியே அல்ல, கரப்பானையும் பூச்சியையும் தின்கிற ஆள். நீண்ட கூர்மூக்கும் கஸ்தூரி வாடையும் அடையாளம்.

---

சிறுதடம் எழுதியது:

ஒன்று விட்டுப்போனது: தண்ணீர். சித்திரை வைகாசியில் எதைக் காத்திருந்து பார்ப்பதைவிடவும் ஒரு மண்தட்டு அதிகம் காட்டும். 3 செ.மீ. ஆழத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு கல், தரையோடு தரையாகப் பதித்து, பூனை பதுங்க முடியாதபடி சுற்றிலும் 2 மீட்டர் வெட்டவெளி. தினமும் தண்ணீரைக் கொட்டிவிட்டு மாற்றுங்கள், மூன்று நாளைக்கு ஒருமுறை தேங்காய் நாரால் தேயுங்கள், கொசு வராது. வீட்டில் திறந்த தொட்டியோ சம்ப்போ இருந்தால் சாய்வாக ஒரு சொரசொரப்பான கட்டை போட்டு வையுங்கள், விழுந்த அரணையும் ஓணானும் ஏறிவரும்.

வேலியில் போடச் சொன்ன மணல் படுக்கையை, தட்டு வைத்தபின் அதைச் சுற்றிப் போடுங்கள். ஒரே வாரத்தில் உங்கள் மனையில் இரவில் யார் யார் நடமாடுகிறார்கள் என்று தெரிந்துவிடும். அச்சுப் படங்களை இங்கேயே போடுங்கள், தீப்பெட்டியை மறக்காமல்.